குவாங்சோ போகிறீர்களா? மாதம் பார்த்துப் போங்கள்!

சீன நாட்டுக்குச் சுற்றுலா போவது ஒரு காலத்தில் வணிகர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டுமே கைகூடிய காரியமாக இருந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. மலேசியரும் சீனரும் ஒருவர் நாட்டில் மற்றவர் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம் என்ற ஒப்பந்தம் 2025 ஜூலை 17 முதல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரர்களுக்கு இதே சலுகை 2024 பிப்ரவரி 9 முதல் உண்டு. கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தென் சீனத்தின் பெருநகரான குவாங்சோவில் இறங்கிவிடலாம். கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அங்கும் இங்கும் மணி ஒன்றுதான்.

ஆகவேதான் தோட்டங்களிலும் தோட்டத்தை ஒட்டிய பட்டணங்களிலும் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. கூட்டு எடுத்த பணம், அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதி, மகள் முதல் வேலையில் சேர்ந்து மிச்சம் பிடித்தது என்று நாலு பக்கமும் சேர்த்துத்தான் நம் குடும்பங்கள் வெளிநாட்டுப் பயணம் போகின்றன. பலருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும் அறைக்குள் ஏர்கோனைத் திறந்துவிட்டுப் படுத்துக் கிடந்தோம் என்று ஆகிவிட்டால் மனம் எப்படி இருக்கும்? போன இடத்தில் வயதான அம்மாவுக்கு மயக்கம் வந்து, மொழி தெரியாத மருத்துவமனையில் உட்கார நேர்ந்தால்?

விளம்பரத்தில் விலையைப் பார்க்கிறோம், தங்குமிடத்தைப் பார்க்கிறோம், சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம். எந்த மாதம் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. குவாங்சோவைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மணியும் மாதமும்

நம் நாட்டில் வானிலை மணிக்கு மணி மாறுகிறது. காலையில் பெரட்டுக்குப் போகும்போது குளிர், பத்து மணிக்கு வெயில், பிற்பகல் இடி மழை, இரவில் மீண்டும் இதமான காற்று. ஜனவரி ஆனாலும் ஜூலை ஆனாலும் கோலாலம்பூரின் பகல் வெப்பம் 32, 33 டிகிரிதான். இதனால் பயணத்துக்கு மாதம் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. பள்ளி விடுமுறை எப்போது, தோட்டத்தில் லீவு கிடைக்குமா என்பதைத்தான் பார்க்கிறோம்.

குவாங்சோ அப்படிப்பட்ட ஊர் அன்று. பூமிக் கோளத்தில் கடக ரேகை என்று ஒரு கோடு போட்டிருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ரேகை குவாங்சோவின் வட பகுதியிலேயே ஓடுகிறது. முத்து ஆறு அந்நகரின் நடுவே பாய்ந்து தென் சீனக் கடலை நோக்கிப் போகிறது. ஆண்டில் பாதி நாள் கடலிலிருந்து ஈரமும் வெப்பமும் கலந்த காற்று வீசுகிறது. மீதிப் பாதியில் வட சீனத்திலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்குகிறது. இந்த இரண்டு காற்றுகளும் மாறி மாறி வருவதால் மாதத்துக்கு மாதம் ஊர் வேறு முகம் காட்டுகிறது.

ஜனவரியில் சராசரி வெப்பம் 14 டிகிரி அளவுக்கு இறங்கும். ஜூலையில் அது 29 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆண்டு மழை 1,700 முதல் 1,900 மில்லிமீட்டர். நம் மழையைவிடக் குறைவுதானே என்று எண்ண வேண்டாம். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

வெயில் நமக்குப் புதிதா?

'வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவர்கள் நாம். செம்பனைக் குலை சுமந்தவனுக்குச் சீனத்து வெயில் என்ன செய்யும்?' என்று சிலர் சிரிப்பதுண்டு. அவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் இரவு நம்மைக் காப்பாற்றுகிறது. பொழுது சாய்ந்தால் வெப்பம் 24 டிகிரிக்கு இறங்குகிறது. தோட்டத்துப் பக்கம் மரங்களின் புண்ணியத்தால் இன்னும் சற்றுக் குறையும். உடம்பு தூக்கத்தில் பகல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

குவாங்சோவில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்த ஓய்வு உடம்புக்குக் கிடைப்பதில்லை. பகலில் 33 டிகிரி சாதாரணம். 35-ஐத் தாண்டும் நாட்களும் பல. இரவில் சராசரியாக 26 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் சிமெண்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை விடிய விடிய வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன.

இதனுடன் காற்றின் ஈரம் சேர்கிறது. மழை நாளில் கொடியில் போட்ட துணி காய்வதில்லை அல்லவா? காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் துணியின் ஈரத்தை அது ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. நம் தோலில் வழியும் வியர்வைக்கும் அதே கதிதான். வியர்வை காய்ந்து ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் போவது மட்டும்தான் மிச்சம். சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. வானிலை அறிக்கை 34 டிகிரி என்று சொல்லும் நாளில் உடம்புக்கு 40-க்கு மேல் தோன்றுவது இதனால்தான்.

வேலை செய்யும் மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. சீன அரசு 2012-இல் கொண்டுவந்த விதிப்படி, வெப்பம் 40 டிகிரியை எட்டினால் அன்று வெட்டவெளி வேலையை நிறுத்த வேண்டும். 37-க்கும் 40-க்கும் இடைப்பட்டால் வெளிவேலை நாளைக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. சூடு உச்சத்தில் இருக்கும் 3 மணி நேரத்தில் வேலையே கூடாது. குவாங்சோ அமைந்துள்ள குவாங்டோங் மாநிலத்தில், வெயிலில் உழைப்பவர்களுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் 300 யுவான் வெப்பப்படி என்று 2021-இல் நிர்ணயித்தார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளிக்கே ஐந்து மாதம் படி கொடுக்க வேண்டிய வெயில் அது. சுற்றுலா போகும் நம் பெரியவர்களை அந்த வெயிலில் நாளெல்லாம் நடக்க வைக்கலாமா?

சுவர் வியர்க்கும் பருவம்

கோடையை விட்டுவிட்டு மார்ச்சில் போகலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது.

பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, சில நாட்களில் குவாங்சோ வீடுகளின் சுவர் வியர்க்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள். தரையில் தண்ணீர் ஊற்றியது போல் ஈரம் நிற்கும், நிலைக்கண்ணாடியில் முகம் தெரியாது, மாடிப்படி வழுக்கும். சீனர்கள் இதைத் 'தெற்கு திரும்பி வரும் நாட்கள்' என்ற பொருளில் 'ஹுய் நான் தியன்' என்கிறார்கள்.

காரணம் எளிது. ஐஸ் போட்ட கிளாஸில் வெளிப்பக்கம் நீர் முத்து முத்தாகப் படிவதைப் பார்த்திருக்கிறோம். குளிர்கால முழுவதும் குளிர்ந்து கிடந்த சுவரும் தரையும் அந்த ஐஸ் கிளாஸைப் போன்றவை. கடலிலிருந்து திடீரென்று ஈரமும் வெப்பமும் கலந்த காற்று வந்து அவற்றின்மேல் பட்டவுடன் நீராகப் படிந்துவிடுகிறது.

இந்தப் பருவத்தில் வெயில் கொடுமை இல்லை. ஆனால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பெட்டியில் இருக்கும் துணியிலும் பூசண வாடை அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் இது நல்ல காலம் அன்று. வழுவழுப்பான தரையில் முதியவர்கள் கால் தவறி விழும் ஆபத்தும் உண்டு. போகத்தான் வேண்டும் என்றால் அடிப்பாகம் தேய்ந்த சிலிப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு, நன்றாகப் பிடிக்கும் காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அறையின் சன்னலைச் சாத்தியே வையுங்கள். காற்றாட இருக்கட்டும் என்று திறந்துவிட்டால் ஈரம்தான் உள்ளே வரும்.

டிராகன் படகு மழை

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பெய்யும் பெருமழைக்குக் குவாங்டோங் மக்கள் 'டிராகன் படகுத் தண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சீனர்கள் மூங்கில் இலையில் மடித்த 'சாங்' செய்து கொண்டாடுகிறார்களே, அதே டிராகன் படகுத் திருநாளை ஒட்டி வருவதால் இந்தப் பெயர். மே, ஜூன் இரண்டிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை. நம் பிற்பகல் மழையைப் போல் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும் என்று எதிர்பார்க்கக்கூடாது. இரவெல்லாம் பெய்து, காலையில் தெருவை ஆறாக்கிவிடும் நாட்களும் உண்டு. 2020 மே 22 அதிகாலைப் பெருமழையில் குவாங்சோவின் 13-ஆம் எண் சுரங்க ரயில் பாதைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்த மாதத்துக்கு ஒரு கவர்ச்சியும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. ஜூனிலும் ஜூலையிலும்தான் லைச்சிப் பழம் மரத்திலேயே பழுத்துத் தொங்கும். குவாங்சோவைச் சேர்ந்த செங்செங் பகுதியின் லைச்சி சீனம் எங்கும் பெயர் பெற்றது. டப்பாவில் அடைத்த லைச்சியை மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு அது பெரும் விருந்து. பழத்துக்காகவே போகிறவர்கள் போகட்டும். குடையும், காயத் துணி போட இடமும், மழையால் ஒரு நாள் வீணானாலும் தாங்கும் மனமும் எடுத்துக்கொண்டு போகட்டும். வெறும் வயிற்றில் பிள்ளைகள் நிறைய லைச்சி தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புயலுக்கு நாம் புதியவர்கள்

மலேசியாவில் வளர்ந்த நமக்குப் புயல் என்றால் என்னவென்று தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் சுழற்காற்று உருவாவது அபூர்வம். 2001 டிசம்பர் 27-இல் வாமெய் என்ற புயல் ஜொகூரைத் தாக்கியதை உலக வானிலை அறிஞர்களே வியந்து எழுதினார்கள். குவாங்டோங் கடற்கரைக்கோ இது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மூன்றும் புயல் மிகுந்த மாதங்கள்.

2018 செப்டம்பர் 16-இல் 'மங்குட்' என்ற பெரும்புயல் குவாங்டோங் கரையைக் கடந்தது. தாய்லாந்துக்காரர்கள் வைத்த அந்தப் பெயருக்கு மங்குஸ்தீன் பழம் என்று பொருள். பெயர் இனித்தாலும் அன்று விமானங்கள் ரத்தாயின, ரயில்கள் நின்றன, பல நகரங்கள் கதவடைத்துக் கிடந்தன. 2025 செப்டம்பர் 24-இல் 'ரகசா' வந்தபோதும் அதே நிலைதான்.

குவாங்டோங்கில் புயல் எச்சரிக்கையை ஐந்து நிறங்களில் அறிவிக்கிறார்கள்: வெள்ளை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்புதான் உச்சம். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும் அல்லவா? தொலைக்காட்சியின் மூலையிலும், தங்கும் விடுதியின் முகப்பிலும், கைப்பேசியிலும் அந்த நிறச் சின்னத்தைப் பாருங்கள். வெள்ளையோ நீலமோ என்றால் கவனமாக இருங்கள். மஞ்சள் வந்தால் ஆற்றுப் படகுச் சவாரியையும் மலை ஏறுவதையும் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் அறையை விட்டு வெளியே போகாதீர்கள். 'காசு கட்டியாயிற்றே' என்று பார்க்கும் நேரம் அது அன்று. புயல் நெருங்குகிறது என்று கேட்டவுடனே இரண்டு நாளைக்கு ரொட்டி, பிஸ்கட், குடிநீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த மூன்று மாதங்களில் போனால் திரும்பி வந்த மறுநாளே வேலைக்குச் சேர வேண்டும் என்பது போல் லீவு எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் கையில் இருக்கட்டும். பயணக் காப்புறுதியை டிக்கெட் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்து, செய்தியில் வந்த பிறகு எடுக்கும் காப்புறுதி பெரும்பாலும் அந்தப் புயலுக்குப் பணம் கொடுக்காது.

எது நல்ல காலம்?

இவ்வளவு படித்த பிறகு, 'போகவே வேண்டாமோ?' என்று கேட்டுவிடாதீர்கள். இதோ நல்ல செய்தி.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை குவாங்சோ சொர்க்கம். வட காற்று இறங்கி ஈரத்தைத் துடைத்துவிடும். வானம் நீலமாக இருக்கும். அக்டோபரில் பகல் 29 டிகிரி, இரவு 21. நவம்பரில் அதைவிட நான்கைந்து டிகிரி குறையும். டிசம்பர் மாதம் முழுவதும் சேர்ந்தாலும் 40 மில்லிமீட்டர் அளவுதான் மழை. கேமரன் மலையில் காலை நேரம் நடப்பது போன்ற சுகம். முதியவர்களைத் தயங்காமல் அழைத்துப் போகலாம்.

ஆனால் இந்தக் காலத்திலும் இரண்டு தேதிகளைத் தவிர்க்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் சீனத்தின் தேசிய விடுமுறை. அந்த நாட்டு மக்கள் எல்லாரும் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியது போன்ற நெரிசல். அடுத்தது, 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை நடந்துவரும் பெரிய வணிகச் சந்தை. 'கேண்டன் சந்தை' என்று உலகம் அறிந்த அது இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15 வாக்கில் தொடங்கி நவம்பர் 4 வாக்கில் முடியும். உலகெங்கிலுமிருந்து வணிகர்கள் வந்து குவிவதால் தங்கும் விடுதிகளின் வாடகை ஏறிவிடும். வசந்த காலச் சந்தை ஏப்ரல் 15 வாக்கில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும்.

ஆக, நவம்பர் இரண்டாம் வாரம் முதல் டிசம்பர் நடு வரையே நம்மைப் போன்றவர்களுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை, வாடகையும் ஏறாது என்னும் காலம். தீபாவளிச் செலவு முடிந்து மூச்சு விட்ட பிறகு போவதற்கும் தோதானது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஆண்டிறுதி விடுமுறையோடு ஒட்டி டிசம்பரில் போகலாம்.

குளிரையும் மறவாதீர்கள்

டிசம்பர்க் கடைசி முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். பகலில் 18 டிகிரி, இரவில் 10 டிகிரி என்பது சராசரி. வட காற்று வலுத்தால் 5 டிகிரிக்கும் இறங்கும். 2016 ஜனவரி 24-இல் அந்த நகரத்தில் பனித்துகள் விழுந்ததைப் பார்த்து ஊரே தெருவுக்கு ஓடிவந்தது. அவ்வளவு அபூர்வம்.

10 டிகிரி என்றால் பெரிய குளிரா என்று நினைக்கலாம். வட சீனத்தில் குளிர் கடுமையானாலும் வீடுகளுக்கு வெப்பக் குழாய் வசதி உண்டு. குவாங்சோ தெற்கே இருப்பதால் அந்த ஏற்பாடு இல்லை. வெளியே உள்ள குளிரே வீட்டுக்குள்ளும் இருக்கும். சிறிய விடுதி என்றால் அறையில் வெப்பமூட்டும் கருவி உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடித்த கம்பளிச் சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய சட்டைகள் நல்லது. பெரியவர்களுக்குக் காலுறையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம்.

சீனப் பெருநாளுக்கு முந்திய சில நாட்களில் நகரெங்கும் பூச்சந்தை கூடும். பீச் மலரும் கும்குவாட் செடியும் வாங்கிப் போகும் கூட்டத்தைக் காணக் கண் கோடி வேண்டும். 'மலர் நகரம்' என்ற பெயர் சும்மா வந்ததில்லை. பெருநாள் பிறந்துவிட்டால் சிறு கடைகள் அடைத்திருக்கும். ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கோடையில்தான் போக முடியுமென்றால்

எல்லாருக்கும் விரும்பிய மாதத்தில் லீவு கிடைத்துவிடுவதில்லை. மகனின் பட்டமளிப்பு, குழுச் சுற்றுலா என்று ஜூலையில் போக நேரலாம். அவர்களுக்குச் சில யோசனைகள்.

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பால்மரம் வெட்டிய நம் முன்னோர்கள் விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போனதும் வெயில் ஏறுமுன் முடித்ததும் ஏன் என்று நினைத்துப் பாருங்கள். அதே கணக்குத்தான் இங்கும். ஐந்து ஆடுகளின் சிலை நிற்கும் யூசியூ பூங்கா, ஆலமரங்கள் நிழல் பரப்பும் ஷாமியான் தீவு ஆகியவற்றைப் பத்து மணிக்குள் பார்த்துவிடலாம். காஞ்சியிலிருந்து போனதாகச் சொல்லப்படும் போதிதருமர் கடல்வழி வந்து கரையேறிய இடம் என்று மரபு கூறும் ஹுவாலின் கோவிலும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. காலை வேளையில் அங்கே போனால் அமைதியாகப் பார்க்கலாம். பதினொன்று முதல் நான்கு வரை கூரைக்கடியில் இருங்கள். காட்சியகம், கடைத்தொகுதி, சுரங்க ரயில் எல்லாவற்றிலும் குளிர்சாதனம் உண்டு. 600 மீட்டர் உயரக் கேண்டன் கோபுரத்தையும் முத்து ஆற்றின் விளக்குகளையும் பொழுது சாய்ந்த பிறகு பார்ப்பதே அழகு.

பழைய கடைத்தெருக்களில் நம் ஊர் அஞ்சடியைப் போலவே, மேல்மாடி முன்னால் நீண்டு கீழே நடைபாதைக்குக் கூரையாக நிற்கும் கட்டடங்களைப் பார்ப்பீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் என்றே கட்டியவை அவை. தெருவின் நடுவே நடக்காமல் அதனடியில் நடங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு தடவை சில மடக்குக் குடியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொதித்து ஆறிய நீரோ போத்தல் நீரோதான். உணவகங்களில் கேட்காமலே சுடுநீரோ தேநீரோ வைப்பார்கள். தெருவுக்குத் தெரு 'லியோங் சா' என்னும் மூலிகைத் தேநீர் விற்பார்கள். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் நாம் குடிப்பதன் தாய்வீடே அதுதான். கசந்தாலும் ஒரு கோப்பை குடிப்பதில் தவறில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சிறுநீர் அதிகம் போக வைக்கும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உடம்பில் நீர் விரைவில் குறையும். அப்படிப்பட்டவர்கள் புறப்படுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். இன்சுலின் மருந்தை வெயிலில் நிற்கும் பேருந்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கூட வருபவருக்குத் தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சு உளறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெப்ப வாதம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சை அழையுங்கள். சீனத்தில் ஆம்புலன்சு எண் 120, போலீஸ் 110.

கொசுவும் உண்டு. 2014-இல் குவாங்சோவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை டிங்கி பிடித்தது. 2025-இல் அண்டை நகரான ஃபோஷானில் சிக்குன்குன்யா பரவியது. மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

ஜனவரி, பிப்ரவரி: குளிர். கம்பளிச் சட்டை. பூச்சந்தை காணலாம், பெருநாள் நெரிசல்.

மார்ச், ஏப்ரல்: ஈரம், சுவர் வியர்க்கும். மூட்டுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும்.

மே, ஜூன்: பெருமழை. லைச்சிப் பழம்.

ஜூலை, ஆகஸ்டு: கடும் புழுக்கம், புயல். முதியோரையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போக வேண்டாம்.

செப்டம்பர்: வெயில் குறையாது, புயலும் வரலாம்.

அக்டோபர்: பிற்பாதி இதம். முதல் வாரம் கூட்டம், நடுவில் சந்தை.

நவம்பர், டிசம்பர் முற்பாதி: மிக நல்ல காலம்.

ஒரு கடைசி வார்த்தை

ஜூலையில் மலிவாக ஒரு பயணமும் நவம்பரில் இருநூறு வெள்ளி கூடுதலாக ஒரு பயணமும் கிடைத்தால் எதை எடுப்பது? மலிவான பயணத்தில் மருத்துவருக்கும் டாக்சிக்கும் போகும் காசையும், பார்க்காமல் விட்ட இடங்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும். பணம் போதவில்லையா? அவசரம் வேண்டாம். அடுத்த நவம்பர் வரை கூட்டுக் கட்டுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே மூச்சில் நடந்து, பசியாறி, படம் எடுத்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் பயணமாக அது அமையட்டும். பாதுகாப்பாகச் சென்று வாருங்கள்!